மோதினாரின் மேல்வரிசை

ஜூலை 8, செவ்வாய்
வெயில். காலையில் பஸ் பிடித்துக் கடலூர், தாடை ஸ்கேன் எடுக்க.

மேல்வரிசையில் பல்லே இல்லாமல் ஆறு வருடம். கழற்றி மாட்டும் செட் இப்போது ஈறில் நிற்பதில்லை. போன மாதம் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லும்போது, ‘ஃபலாஹ்’ என்ற சொல் வரும் இடத்தில், மைக் முன்னாலேயே நழுவி விழுந்தது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் இங்கே மோதினார், ஐந்து வேளையும் பாங்கு சொல்பவன். அன்றிலிருந்து மைக்கைத் தொடவே கூசுகிறது.

ஸ்கேன் எடுத்த பெண், “அசையாம நில்லுங்க பெரியவரே. எலும்பு நல்லாத்தான் இருக்கு.”

படத்தில் என் தாடை. மங்கல் வெளிச்சத்தில் ஏரிக்கரை மாதிரி வளைந்து.

வாங்க வேண்டியவை: சுகர் மாத்திரை, வெங்காயம், மனைவி ஆமினாவுக்கு முட்டிவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்
சிதம்பரம், பல் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு மரத்த பிறகு, டாக்டரம்மா எலும்பில் நாலு திருகு வைத்தார். வலி இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ துளை போடுவதுபோல அதிர்வு மட்டும். சாயங்காலமே அதன்மேல் தற்காலிகப் பல்வரிசை.

“மூணு மாசம் கடிச்சுத் திங்கக் கூடாது பாய். கஞ்சி, குழைஞ்ச சோறு. அப்புறம் நிரந்தரப் பல்லு.”

பாங்கு சொல்லலாமா என்று கேட்டேன்.

“ஒரு வாரம் சத்தம் போட்டுப் பேசாதீங்க.”

கூட வந்த ஜமால் ஆமினாவின் தம்பி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். “நான் சொல்றேன் மச்சான். நீங்க பேசாம படுங்க.”

எங்கள் ஊர் லால்பேட்டை வரும்வரை அரைத் தூக்கம். வயல்கள் பச்சையாக மிதந்து போயின.

ஜூலை 12, சனி
முகம் பூசணிக்காய். ஐஸ். கஞ்சி. ஜன்னல் துணி மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது.

கண் செருகும்போது லுஹர் பாங்கு. ஜமால் குரல், கொஞ்சம் கரகரப்பு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் பள்ளிவாசலில் நின்று சொன்னவன். அது வீட்டுக்குள் எப்படி வரும் என்று இதுவரை தெரியாது. முதலில் தெருமுனை, பிறகு முருங்கை மரம், பிறகு தலையணை. வீட்டில் எல்லாமே கொஞ்சம் நின்ற மாதிரி.

ஆமினா வந்து பார்த்தாள். “என்னங்க, அழுவுறீங்களா? வலி ஜாஸ்தியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“நீங்க சொல்றப்ப எந்த வேலைல இருந்தாலும் நின்னுடுவேன். பல்லு விழுந்த அன்னிக்கும் நின்னேன். விட்ட எடத்துலேருந்து சொல்லி முடிச்சீங்கல்ல? எனக்கு அதான் ஞாபகம்.”

நானோ விழுந்ததை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16, புதன்
வீக்கம் வற்றிவிட்டது. கண்ணாடி முன், மெல்லிய குரலில் பாங்கு சொல்லிப் பழகினேன். ‘ஸ’ விசிலாக வருகிறது. நாக்குக்கு இடம் தெரியவில்லை, புது வீட்டில் ஸ்விட்ச் தேடுவதுபோல.

சமையலறையிலிருந்து ஆமினா, “இன்னொரு தடவ.”

பதினைந்து தடவையாவது இருக்கும்.

“ம். இப்ப சரி.”

ஜூலை 19, சனி
லேசான தூறல். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு நானே. ‘ஸலாஹ்’ என்ற சொல் விசில் இல்லாமல் சுத்தம். ‘ஃபலாஹ்’வில் மேல்பல் கீழுதட்டைத் தொட்டது, அசையவில்லை. மூச்சு தானாக நீண்டது.

தொழுகை முடிந்து ஜமாலிடம், “லுஹர மட்டும் இனிமே நீயே சொல்லுடா.”

“ஏன் மச்சான்? திருகு வலிக்குதா?”

“இல்ல. வீட்ல இருந்து கேக்கணும்.”