புதன்கிழமைகளில் மட்டும் நலம்

விருத்தாசலம்
மாசி 9

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு இதைத் தொடங்குகிறேன். இதற்கு அடுத்தபடி, இங்கே நான் நலம் என்று எழுதுவேன். நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து ஒரு கடிதத்திலும் அந்த வரி தவறியதில்லை. இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை, மறதியாலும் அல்ல. பயந்துவிடாதே, ஆஸ்பத்திரியில் இல்லை, என் கட்டிலில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், அதற்கு மேல் கை ஓடுவதில்லை. நடுவில் பேனாவும் மாறிவிட்டது, அதனால் மையின் நிறம் மாறியிருந்தால் வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே.

கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறிக்கத்தான் ஆளில்லை. பெண்ணாடத்தில் உன் சித்தி புது வீடு கட்டிக் குடி போனாள், நான் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம், அதற்குக்கூட வராமல் போனேன் என்று, போஸ்டாபீஸ்ல வேல பாத்தவங்களுக்கு எங்க வூட்டு வாசப்படியெல்லாம் உசரமாத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கோபம் வரவில்லை. அவள் வீட்டு வாசற்படி உண்மையிலேயே எனக்கு உயரம்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் பக்கத்துச் செராமிக் பட்டறைக் கலியமூர்த்தி பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்ததும் அதை அப்பா படத்தின் முன்னால் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். பிறகுதான் படிக்க எடுத்தேன். கொரோனா வந்து போன பிறகும் சோர்வு நீங்காதவர்களைப் பன்னிரண்டு ஊர்களில் சேர்த்து, நம் ஊரும் அதில் ஒன்று, தினமும் நடக்கச் சொல்லி, வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போய், பன்னிரண்டு வார முடிவில் எண்பத்தொரு சதவீதம் பேர் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி அரசாங்கக் குழுவின் முன்னால் நீ இதைச் சொல்லப் போவதாகவும், அவர்கள் ஒப்புக்கொண்டால் இனி எல்லா ஊரிலும் இந்த நடைதான் வைத்தியம் என்றும் போனில் சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கெடுத்துவிடக் கூடாது என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

முன்பெல்லாம் பேப்பரில் ஏல அறிவிப்பு வரைக்கும் ஒரே மூச்சில் படிப்பேன். இப்போது ஒரு பத்தி படித்தால் எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல அசைய ஆரம்பிக்கின்றன. கண்ணை மூடிக்கொள்வேன். மத்தியானத்தில் ஜங்ஷனிலிருந்து வரும் ரயில் அறிவிப்பு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே வேப்பிலைகளின் மேல் பட்டறைகளின் வெள்ளைத் தூசி படிந்து, வெயிலில் அது பூத்திருப்பது போலவே இருக்கும். குழாயடியில் அப்பா முகம் கழுவும் சத்தம் கேட்கும், அவர் இல்லை என்பதும் அதே சமயம் தெரியும், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. என் உடம்பு எனக்குக் கொஞ்சம் தள்ளி, வேறு யாருடையதோ போலப் படுத்திருக்கும். இப்படியே பதினெட்டு நாளில் உன் கட்டுரையைப் படித்து முடித்தேன். அடிக்குறிப்பு ஒன்றைக்கூட விடவில்லை.

ஏழாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. சேர்ந்தவர்கள் அறுநூற்று நாற்பது. முடித்தவர்கள் முந்நூற்று எண்பத்தெட்டு. நலம் என்றவர்கள் முந்நூற்றுப் பதினாலு. எண்பத்தொரு சதவீதம் என்பது முடித்தவர்களில். சேர்ந்தவர்களில் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தொன்பதுதான் வருகிறது. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். மீதி இருநூற்று ஐம்பத்திரண்டு பேர் எங்கே என்று தேடினால், தொடர்பில் இல்லை என்று ஒரு வரி. அன்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது அவர்கள் எல்லோரையும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பார்த்தேன். மூட்டையின் மேல் தலை வைத்துச் சிலர் படுத்திருந்தார்கள், சிலர் நடந்ததைக் குறிக்கக் கொடுத்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். யார் பெயரையும் யாரும் கூப்பிடவில்லை. நான் மட்டும் புறப்பட்டுவிட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தபடி கையாட்டிக்கொண்டு போகிறேன்.

அந்தப் பிளாட்பாரத்தில் கண்ணம்மாளும் இருந்தாள். கலியமூர்த்தி பட்டறையில் தட்டு சுமக்கும் கண்ணம்மாள்தான், நம் வீட்டுக்கு மோர் கொண்டுவருவாளே. அவளும் என்னோடு இந்த நடையில் சேர்ந்தவள், மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். ஒரு நாள் நடந்தா ரெண்டு நாள் எழுந்திரிக்க முடியலம்மா, ரெண்டு நாள் கூலி போவுது, எங்க வூட்டுக்காரரே நான் நடிக்கிறன்னு சொல்றாரு, காயிதம் மட்டும் நம்பிடப் போவுதா என்றாள். உன் கட்டுரையில் அவள் தொடர்பில் இல்லாதவள். நம் வீட்டிலிருந்து எட்டாவது வீட்டில் இருக்கிறாள்.

கலியமூர்த்தியிடம் இந்த அட்டவணையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சூளையில நூறு வெச்சன், அம்பது வெடிச்சிடுச்சு, மிச்சம் அம்பதுல நாப்பது நல்லாருக்குது, யாவாரிகிட்ட போயி நூத்துக்கு எம்பது நல்லாருக்குதுன்னு சொன்னா என்னை ஊர்ல வெச்சிருப்பாங்களா போஸ்டாபீஸ் அம்மா என்றார். மறுநாளே கண்ணம்மாளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, உட்கார்ந்து கப்புகளுக்கு ஓரம் தேய்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார், எந்த டாக்டர் சீட்டும் கேட்கவில்லை.

இது வரைக்கும் மற்றவர்களைப் பற்றி எழுதினேன், சுலபமாக இருந்தது. இனி எழுதப்போவதற்கு இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். அமுதா, அந்த முந்நூற்றுப் பதினாலு பேரில் ஒருத்தி நான். நான் நலமாகவில்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் சுகாதார நிலையத்திலிருந்து வேல்விழி என்ற பெண் ஸ்கூட்டியில் வருவாள். அவள் நீட்டும் தாளில் மூன்று முகங்கள் இருக்கும், சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது. எப்படி இருக்கீங்கம்மா என்பாள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்டால் நலம் என்று சொல்வதுதான் மரியாதை என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்து வளர்ந்தவள் நான், அழும் முகத்தின் மேல் விரலை வைக்க எனக்கு வராது. பன்னிரண்டு வாரமும் சிரிக்கும் முகத்தைத்தான் காட்டினேன். அதற்காகத் திங்களும் செவ்வாயும் குளிக்காமல்கூடப் படுத்துக்கிடந்து, புதன் காலையில் தலை சீவி, புடவை மாற்றி, வாசல் வரை வந்து நிற்பேன். அவள் முன்னால் கூடத்துக்குள் நாலு தடவை நடந்தும் காட்டுவேன். வியாழன், வெள்ளி, சனி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை யாரும் வந்து கேட்டதில்லை. நடை அட்டையில் அந்தந்த வாரத்துக்குச் சொன்ன நிமிஷத்தைத் தினமும் நடந்ததாக நானே எழுதினேன். சரியாக எழுதுகிறவள் என்று பெயரெடுத்த நான் எழுதிய பொய் அது.

போன வாரம் வேறு வேலையாக நம் தெருவுக்கு வந்த வேல்விழியிடம் இதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, எனக்குத் தெரியும்மா, இந்த ஊர்ல வாசல் தாண்டுனாலே செருப்பு வெள்ளையாயிடும், உங்க செருப்பு புதுசாவே இருக்குது என்றாள். பிறகு, அழற மூஞ்சி நாலு வந்தாலே மேல இருக்கறவங்க நீ சரியா சொல்லிக் குடுக்கலன்னு என்னைத் திட்டுறாங்க, உங்க வூட்டுக்கு வந்தாத்தான் எனக்கு நிம்மதி என்றும் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்துகொண்டோம். அந்த நல்லதனம்தான் உன் அட்டவணைக்குப் போயிருக்கிறது.

என் சோர்வெல்லாம் அப்பா போன துக்கம் என்று டாக்டர் சொன்னார், நீயும் சொன்னாய். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்து, அவர் போய், நான் இருக்கிறேன், விமானம் நின்றுபோன அந்த மாதத்தில் நீ வர முடியாமல் அழுததும் மறக்கவில்லை. துக்கம் எனக்கு உண்டு. ஆனால் அதற்குக் கிழமை தெரியாது, அது புதன்கிழமையும் இருக்கிறது. வியாழக்கிழமை என் கால்களை எடுத்துக்கொண்டு போவது வேறு ஒன்று.

நீ ஏழாம் வகுப்பில் காய்ச்சல் விட்ட மறுநாள், கால் வலிக்குதும்மா, நடக்க முடியல என்றாய். நடிக்காதே என்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்பினேன். பிரேயரில் விழுந்துவிட்டாய், சிஸ்டர் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கும் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முடியவில்லை என்பவரை நம்பக் கூடாது என்று உனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, நான்தான். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், அன்று உன்னை நம்பியிருக்க வேண்டும்.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாதா. ஆனால் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் அந்த இருநூற்று ஐம்பத்திரண்டு பேரைத் தேடச் சொல். என் பெயரை நலம் என்ற பத்தியிலிருந்து எடுத்துவிடு. அதனால் உனக்குத் தலைகுனிவு வந்தால், அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று குழுவின் முன்னாலேயே சொல், எனக்கு வருத்தமில்லை. இந்தக் கடிதத்தையும் காட்டலாம், எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. குழந்தையின் காதை மூடிக் கூட்டிப் போ. பழமலைநாதர் உங்கள் மூவரையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், உன் பெயர் இன்னும் பெரிதாகட்டும், அது சரியானதைச் சொல்லிப் பெரிதாகட்டும்.

கடைசியாக ஒன்று. நீ ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாய். அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் சனிக்கிழமை முழுக்கப் பேசாமல் படுத்துக்கிடந்து குரலைச் சேர்த்து வைக்கிறேன். நீ கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குரலைத்தான். இனி வெள்ளிக்கிழமை கூப்பிடு. எடுக்க நேரமானால் வைத்துவிடாதே. எப்படி இருக்கிறாய் என்று கேள், இந்த முறை உள்ளபடி சொல்கிறேன்.

உன் அம்மா,
செல்வநாயகி