மட்டை கம்பத்தருகே மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

நூலகத்தின் பின்னறையில் பெற்றோர் கூட்டம். இந்த வருஷம் அறுபத்திரண்டு குழந்தைகள், நாலு வயதிலிருந்து ஆறு வரை, ஐந்து அணிகள். லீகை நடத்துகிறவள் நான்தான், வழக்கம்போல எழுந்து நின்று சொன்னேன். டீ-பால் என்கிற இந்தக் குழந்தைகள் பேஸ்பாலில் பந்து வீசுவது கிடையாது, ரப்பர்க் கம்பத்தின் மேல் வைத்துக் கொடுப்போம், படும்வரை அடிக்கலாம். ஸ்கோர் கிடையாது, அவுட் கிடையாது. ஒரு குழந்தைகூட மட்டை பிடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. வழக்கம்போலப் பின்வரிசையில் ஓர் அப்பா கையைத் தூக்கினார்.

"அப்ப யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அது தெரியாம இருக்கத்தான் இவ்வளவு பாடுபடறோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. சனிக்கிழமை பாப்கார்ன் பொட்டலத்தின் மேல் பேனாவால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இந்த ரகத்தை எனக்குத் தெரியாதா?

பிறகு என் விதி. கம்பத்தருகே நிற்கிற ஒரே ஒரு குழந்தையின் கையில்தான் மட்டை இருக்கும். மற்ற மட்டையெல்லாம் பைக்குள், ஜிப் மூடி. பெஞ்சில் காத்திருக்கிற குழந்தை வெறுங்கையோடு காத்திருக்கும். எட்டு வருஷமாகச் சொல்கிறேன். எட்டு வருஷத்தில் முழங்கால் சிராய்ப்பைத் தாண்டி எதுவும் நடந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நீல அணிக்கு கர்ட்டிஸ் போலண்ட் கோச். நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வாந்தியெடுத்த பயல். இப்போது தீவனக் கடையில் மூட்டை ஏற்றுகிறான், ஐந்து வயது மகளுக்கு அப்பா. "மார்லிஸ், உங்க விதியை என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றான்.

"தூக்கத்துல வேணாம், மைதானத்துல சொல்லு."

ஜூன் 7, சனி

நீல அணியின் ஜோசி கிராட்ஸுக்கு அடிபட்டுவிட்டது. இடது கண்ணுக்கு மேல். எவ்வளவு ரத்தம், அந்தச் சின்ன முகத்தில். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கண் என்ன ஆனதென்று தெரியவில்லை.

அறிக்கைத் தாளை நான்தான் நிரப்ப வேண்டும். "காத்திருந்த குழந்தை மட்டையை வீசியதில் பின்னால் நின்ற குழந்தைக்கு அடிபட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. இல்லையே?

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இங்கே மட்டுமாவது முழுசாக எழுதிவிடுகிறேன்.

நேற்று நீல அணியின் கடைசிச் சுற்று. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி கேட்டால் அந்த நிமிஷமே மைதானத்தைக் காலி செய்யவேண்டும், அதுவும் என் விதிதான். இடி இன்னும் கேட்கவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் மட்டை கிடைக்கவில்லை. பெஞ்சைப் பார்த்துக்கொள்ள வரவேண்டிய அம்மா வரவில்லை. கர்ட்டிஸ் கம்பத்தருகே ஒரு குழந்தையின் கால்களை அகட்டி வைத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் பெரியவர் யாரும் இல்லையென்று நான் போனேன்.

ஒவ்வொரு குழந்தையும் ஹெல்மெட் மாட்டி, கல்யாணப் பெண் மாதிரி நடந்து போய்க் கம்பத்தருகே மட்டையை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போனது. கடைசியாக அடிக்க வேண்டியவன் எம்மெட் சோர்லி. கடைசியாக அடிக்கும் குழந்தை எங்கேயும் நிற்காமல் எல்லா பேஸையும் ஒரே ஓட்டமாகச் சுற்றி வரலாம், மற்ற எல்லாரும் கூடவே ஓடி வருவார்கள். அந்த முறைக்காக வாரம் பூராவும் ஏங்குவார்கள். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மிஸ், மழை வந்தா எனக்குக் கிடையாதா?"

"கிடைக்கும்டா கண்ணு."

நான்தான் பையைத் திறந்தேன். நான்தான் சிவப்பு மட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "கூப்பிட்டதும் ஓடணும், ரெடியா நில்லு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு குழந்தையின் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். ஜோசி அப்போதுதான் ஓடி முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்திருக்கிறாள். எம்மெட் ஒருமுறை வீசிப் பழகிப் பார்த்திருக்கிறான். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் மட்டையைக் கொடுத்தால் வேறென்ன செய்யும்?

கர்ட்டிஸ் ஓடி வந்து அவளைத் தூக்கினான். திறந்து கிடந்த பையைப் பார்த்தான். "நான் மூடலையா? மூடினேனே... மூடலையா?" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அப்போது ஜோசியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க என்ன செய்தேன்?

ஜூன் 10, செவ்வாய்

ஏழு தையல். வீக்கம் வடிந்தால்தான் பார்வை பற்றிச் சொல்ல முடியுமாம், ஒரு வாரம் ஆகலாம். ஜோசியின் அம்மா டெனிஸ் போனில் அழக்கூட இல்லை. நிதானமாகச் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

உணவகத்தில் எல்லார் வாயிலும் கர்ட்டிஸ்தான். "ஒரு ஜிப்பை மூடத் துப்பில்லாதவன்கிட்ட புள்ளைங்கள ஒப்படைச்சா இப்படித்தான்." சொன்னது அந்தப் பாப்கார்ன் ஆள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் லீக் குழுத் தலைவர் ஹால்வர்சன் கூப்பிட்டார். "கர்ட்டிஸை நீக்கிடலாம்னு இருக்கோம். இனி எப்பவுமே வேணாம். அடுத்த செவ்வாய் முடிவு. நீ என்ன சொல்ற?"

"நல்ல பையன்" என்றேன்.

"நல்ல பையன்தான். யாரு இல்லைன்னா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை நீக்கிவிடுவார்கள். பேருந்தையும் இந்தச் சனிக்கிழமைகளையும் விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? அவனுக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

காலையில் ஆட்டத்துக்கு முன்னால் கர்ட்டிஸ் மைதானத்துக்கு வந்தான். அணி டி-ஷர்ட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். "அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே குடுத்துடறேன். ஜிப்பை மூடின ஞாபகம் எனக்கு நல்லா இருக்கு மார்லிஸ். ஆனா திறந்துதானே கிடந்துது? என் ஞாபகத்தை நம்பி என்ன பிரயோஜனம்?" வாங்கிக்கொண்டேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எட்டரை மணிக்கு எம்மெட்டை இழுத்துக்கொண்டு அவன் அம்மா ரெனே வந்தாள். அவன் விளையாட்டு உடையில் இல்லை.

"மிஸ் மார்லிஸ்கிட்ட என்ன சொல்லணும்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பொய் சொன்னதுக்கு சாரி."

"எவ்வளவு துணிச்சல் பாருங்க" என்றாள் ரெனே. "நீங்கதான் மட்டையை எடுத்துக் குடுத்தீங்கன்னு சாதிக்கறான். உங்களைப் போயி! நீங்களே போட்ட விதி அது. உண்மையை ஒத்துக்கற வரைக்கும் ஆட்டம் கிடையாதுன்னுட்டேன். ஒரு வாரமா ஒரே பிடிவாதம். இன்னைக்குக் காலைலதான் வழிக்கு வந்தான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லடா" என்றேன்.

பரவாயில்லையாம்! அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவனுக்கு ஒரே குழப்பம். ஒருவேளை மிஸ் குடுக்கலையோ, நானாத்தான் எடுத்தேனோ — அப்படி ஒரு பார்வை. அவன் மண்டைக்குள்ள கைய விட்டு, அங்க இருந்த ஒரே உண்மையையும் பிடுங்கிட்டேனே. அஞ்சு வயசுப் பிள்ளைடீ மார்லிஸ். நீ என்ன ஜென்மம்?

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நூலகத்தின் அதே பின்னறை. குழுவில் ஐந்து பேர், கர்ட்டிஸ், டெனிஸ், ரெனே. ஹால்வர்சன் ஆரம்பிப்பதற்குள் டெனிஸ் எழுந்து, "கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் மதியம் சொன்னார். வடு மட்டும் இருக்குமாம்" என்றாள். எல்லாருக்கும் நிம்மதி. கர்ட்டிஸ் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் எழுந்தேன். எழுதிவைத்திருந்த தாள் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. "பையைத் திறந்தது நான். மட்டையை எடுத்து எம்மெட் கையில குடுத்ததும் நான்தான். கர்ட்டிஸ் மூடித்தான் வெச்சிருந்தான். எம்மெட் சொன்னது நிஜம்."

டெனிஸ்தான் கேட்டாள்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் சொல்றீங்களா?"

"இல்ல டெனிஸ், இன்னைக்குச் சொல்லணும்னுதான் வந்தேன்."

"அப்படியா?" என்றாள். அதோடு என் பக்கம் திரும்பவேயில்லை.

சொல்லணும்னுதான் போனேன். தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். ஆனால் அவள் வேறு மாதிரி செய்தி கொண்டுவந்திருந்தால் எழுந்திருப்பேனா? எழுந்திருப்பேன் என்று நாலு தரம் எழுதி நாலு தரமும் அடித்துவிட்டேன். தெரியவில்லை.

ரெனே வெளியே ஓடினாள். பிள்ளையைத் தேடிப் போயிருக்க வேண்டும். கர்ட்டிஸ் மெதுவாக எழுந்தான். "பத்து நாளா என் பொண்ணைத் தூக்கக்கூட எனக்குக் கை வரல, மார்லிஸ். இந்தக் கையை நம்பலாமான்னு பயந்துக்கிட்டு இருந்தேன்." கத்தவில்லை. சின்ன வயதில் பேருந்திலிருந்து இறங்கும்போது நன்றி சொல்வானே, அதே அடக்கமான குரல்.

ஜூன் 19, வியாழன்

குழுவிடமிருந்து கடிதம். இனி நான் மைதானத்துக்குள் வரக்கூடாது. நியாயம்தான்.

லீகை இனி கர்ட்டிஸ் நடத்துவானாம். மட்டை, பந்தெல்லாம் வைக்கிற கிடங்கின் சாவியைத் தீவனக் கடையில் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

ஜூன் 20, வெள்ளி

ரெனேயைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "நான் அவனை ஒரு வாரம் உக்கார வெச்சேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். டெனிஸுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை.

ஜூன் 28, சனி

ஒன்பது மணிக்கு நீல அணி ஆட்டம். சமையலறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பைத் துடைத்தேன். பத்தரைக்கு முடிந்திருக்கும். மறுபடியும் அடுப்பைத் துடைத்தேன்.

ஜூலை 12, சனி

இந்தக் கோடையின் கடைசி ஆட்டம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், வேலிக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற பக்கம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேர் தலையசைத்தார்கள். மற்றவர்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்கள். ஜோசி முதல் பேஸில் உட்கார்ந்து மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள், புருவத்தின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. கர்ட்டிஸ் ஒவ்வொரு குழந்தையாகக் கையைப் பிடித்துக் கம்பம்வரை கூட்டிப் போனான். ரொம்ப நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எம்மெட் பெஞ்சிலிருந்து நழுவி வேலியோரம் வந்து நின்றான். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது.

"நீங்க உள்ள வரக்கூடாதா?"

"கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

யோசித்தான். "எனக்கு ஒரு வாரம்தான்" என்றான். பிறகு, "நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லலையே?"

குழு, கர்ட்டிஸ், டெனிஸ், ரெனே. ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன் என்றுதான் இருந்தேன். இவன் என் நினைப்பிலேயே வரவில்லை.

நாற்காலியை விட்டு இறங்கிப் புல்லில் மண்டியிட்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் முகம். "எம்மெட், மட்டையை உன் கையில குடுத்தது நான்தான். நீ சொன்னது நிஜம். பொய் சொன்னது நான்தான். நீ சாரி சொன்னப்பவும் நான் வாயை மூடிட்டு நின்னேன். மன்னிச்சுக்கடா."

ஹெல்மெட்டை மேலே தள்ளிவிட்டு என்னையே பார்த்தான். அதற்குள் கர்ட்டிஸ் கூப்பிட்டான், "எம்மெட், உன் முறை! வாடா!" என்னையும் பார்த்திருப்பான்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு" என்றான் எம்மெட்.

"இருக்கட்டும்டா."

சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினான். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வேலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது.