சுடலைமணியின் தாடை

நாள் 41, காலை. நிலவின் தென்முனை, பனிச் சுரங்கம்.
எழுதுவது டாக்டர் செண்பகவல்லி. இங்கே நானும் துளைப்பாளி சுடலைமணியும் மட்டும்தான். காற்றும் நீரும் சீர். வெளியே காற்றில்லாததால் துளைக்கருவியின் சத்தம் கேட்காது. கருவியிலிருந்து தலைக்கவசத்துக்குள் வரும் இரும்புக் கடிகம்பியைப் பல்லால் கவ்வி, பாறையின் அதிர்வைத் தாடையால் உணர்ந்துதான் துளைப்பார்கள். துளைப்பாளிகள் எல்லோருக்கும் தாடை வலிக்கும். இவனுக்கு வீங்கியும் இருக்கிறது. "கடிவலிதான், போடா" என்று மாத்திரை கொடுத்து விரட்டினேன்.

நாள் 52, மாலை.
சீழ் வடிகிறது. கீழுதடு மரத்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு கரையான் அரித்த மாதிரி இருக்கிறது. எலும்பு அழற்சி என்றாலும் இப்படித்தான் தெரியும், புற்றுநோய் என்றாலும் இப்படித்தான் தெரியும். என்ன கண்றாவி படம் இது! அழற்சியென்றால் மருந்தும் சுரண்டலும் போதும். புற்றென்றால் பாதித் தாடையை வெட்டியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான். ஒரு துண்டு வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அழற்சி. அப்பாடா!

நாள் 60, நண்பகல்.
சொல்பேச்சு கேட்காமல் வேலைக்குப் போனான். கம்பியைக் கவ்வியதும் தாடை முறிந்தது. வானொலியில் வாய் குழறிக் கத்தினான்: "டாக்டரம்மா! உடைஞ்சு போச்சு! உசிரு போவுது, என்னைக் கொன்னுபோடுங்க!"
கவசமெல்லாம் ரத்தம். இழுத்துவந்து போட்டேன். பூமியிலிருந்து அறுவை நிபுணர் தனராஜ்: "ஏம்மா, மேலாப்புல எடுத்திருப்பே. அழற்சிக்கு அடியில புற்று ஒளிஞ்சிருக்கும். ஆழமா எடு."

நாள் 61.
ஆழமாக எடுத்தேன். தோல் செல்கள் விரல் விரலாக எலும்புக்குள் இறங்கியிருக்கின்றன. புற்றேதான். தனராஜிடம் காட்ட வழியில்லை. பூமி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது, இனி இரண்டு வாரம் தொடர்பு கிடையாது.
வெட்டினேன். பாதியில் மயக்கமருந்து தீர்ந்து, கட்டியிருந்த வாரை அறுத்துக்கொண்டு எழுந்தான். குத்திய குத்தில் என் முன்பல் தெறித்தது. அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரம்பத்தை இழுத்தேன். தாடை தட்டில் விழுந்தது.

நாள் 64.
வெட்டிய தாடையை முழுக்கச் சீவிப் பார்த்தேன். எங்கேயும் புற்றில்லை. நாள்பட்ட சீழைச் சுற்றித் தோல் வெறிபிடித்து வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மடச்சி! ஒரு மனுஷன் முகத்தைப் பிய்த்துவிட்டேனே! அவனிடம் சொல்லிவிட்டேன்.

நாள் 71. எழுத முடியவில்லை, சொல்லிப் பதிகிறேன்.
கருவியிலிருந்து கழற்றிய கடிகம்பியால் என் அறைக்கதவை உடைத்து வந்தான். அடித்ததில் என் இடக்கை முறிந்துவிட்டது. கொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற பாதித் தாடையைத் தொட்டுக் காட்டினான். வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தேன். அதே கரையான் அரித்த எலும்பு.
ரம்பத்தை என் வலக்கையில் திணித்துவிட்டு, கம்பியை என் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு நிற்கிறான். வெட்டவா வேண்டாமா என்று கண்ணால் கேட்கிறான்.
தெரியலடா, சுடலை. சத்தியமா எனக்குத் தெரியல. ஐயோ, கம்பியை இறக்குடா. இற—