கப்பல் நாளில் குடித்த தண்ணீர்

ராஜபாளையம்
தை 26

அன்பு மகன் பாலகணேஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன், கால் வீக்கம் மட்டும் இன்னும் வடியவில்லை. நீயும் வெங்கடேஸ்வரியும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் தாளை எடுத்தாள் என்று நினைப்பாய். என் அண்ணன், உன் தங்கச்சாமி மாமா, அடுத்த கட்டிலில்தான் கிடக்கிறார். எண்பத்து நாலு வயதில் கண் போய்விட்டது, காது மட்டும் போகவில்லை. நான் அடுப்படியில் முணுமுணுத்தால்கூடக் கேட்டுவிடுகிறார்.

அந்தப் பட்டாளக் கப்பலின் கதையைக் கிளாஸ்கோவில் தேடிப் பிடித்துத் தமிழில் எழுதி அனுப்பினாயே, நாலு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். பயணிகள் கப்பலைச் சண்டைக்கு எடுத்துப் பீரங்கி வைத்தது, நாற்பத்திரண்டில் பம்பாயிலிருந்து நம் ஆட்களை ஏற்றிப்போய் சிங்கப்பூரில் இறக்கியது, திரும்பும் வழியில் குண்டு விழுந்து தீப்பிடித்தது, கொழும்பில் ரிப்பேர் பார்த்து மறுபடி ஓடியது, எல்லாம் விளங்கியது. ஆக, அது மூழ்கவே இல்லை. தீப்பிடித்த சேதி நம் ஊர் வந்து சேர்வதற்குள் மூழ்கிய சேதியாகிவிட்டது. மாமாவைப் பெற்ற வேல்சாமிப் பெரியப்பா அதில் செத்தார் என்று நம்பி, மூன்று வருஷம் பார்த்துவிட்டு, அவர் பெண்டாட்டியாக இருந்த என் அம்மாவை அவர் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். அந்தத் தம்பிதான் என் அப்பா. மறு வருஷமே அதே கப்பல் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தவர்களை மதராஸில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. நீ அனுப்பிய பட்டியலில் வேல்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா என்று பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தேன்.

என் அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த வருஷப் புரட்டாசிச் சனிக்கிழமை, ஐந்து வயது மாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற நம் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படி ஏறும்போது ஒரு பட்டாளத்துக்காரர் எதிரே நின்றாராம். அவள் கழுத்தில் கிடந்த புதுத் தாலியைப் பார்த்தாராம். மாமாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். யாரோ எவரோ, எம்புட்டு மெலிஞ்சு போயிருந்தாரு பாவம், என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போகாமலே திரும்பிவிட்டாளாம்.

தை இருபத்துமூன்று, கப்பல் மூழ்கியதாகச் சொன்ன நாள். அந்தக் கப்பல் நாளன்று நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும். தண்ணீரில் போனவருக்குச் சோற்றை இலையில் வைத்து, முன்பு கண்மாயில், பிறகு பிளவக்கல் அணையில் மிதக்க விடும்வரை யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். அம்மா மட்டும் விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடுவாள். உனக்கு மனசே கிடையாதா என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவருக்கு அவள் எப்படி விரதம் இருப்பாள். எனக்கு எழுபத்தேழு வயதில் இது விளங்கி என்ன பயன், மன்னிப்புக் கேட்க அவள் இல்லை.

மாமா தினமும், ஏட்டி, கப்பல் தாளு வந்துட்டா, எங்கய்யா ரொம்பத் தவிச்சாரான்னு போட்டிருக்கா, என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் ஒரு நொடியில் மூழ்கிவிட்டது, யாரும் தவிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எண்பது வருஷமாக அப்பாவுக்கு இலை விட்ட பிள்ளையிடம், உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போனார் என்று எந்த வாயால் சொல்வேன். பொய் சொன்னது நெஞ்சை அறுக்கிறது, ஆனாலும் திருத்தப் போவதில்லை.

இந்த வருஷம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை, என்னைத்தான் அனுப்பினார். வத்திராயிருப்பு போய் பஸ் மாறி, அணைக்குப் போய் இலையை விட்டேன். வந்ததும், வாய் நனைக்காமத்தான போன, என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். புறப்படும் முன்பே, அம்மாவின் அந்தச் செம்பில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனேன்.

மாமாவிடம் போனில் கப்பல் பேச்சை எடுக்காதே. பெரியப்பா அப்புறம் எங்கே போனார் என்றும் தேடாதே, அவராக மறைந்தவர். பிள்ளைகளைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தை இருபத்துமூன்று அன்று, வழக்கம் என்று அங்கே நீ வாய் உலர்ந்து கிடக்க வேண்டாம், விடிந்ததும் தண்ணீர் குடித்துவிடு.

உன் அம்மா,
மாரியாத்தாள்