அரை நிமிஷம்

செவ்வாய், ராத்திரி

திராட்சை ஏற்ற லாரியில் இடம் பிடிக்கிற எங்கள் இணையதளத்தில் மத்தியானம் புது மாற்றத்தை ஏற்றினேன். ஆட்கள் உள்ளே பதிந்துகொண்டிருக்கும்போதே ஏற்றலாம். அவர்கள் முடிக்கட்டும் என்று பழைய சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை அரை நிமிஷம் என்று வைத்தவள் நான். என் விரலுக்கு அது தாராளம். பெரிய கெட்டிக்காரி!

அப்பா அப்போது தோட்டத்தில் நின்று, பிசுபிசுத்த விரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பதிவு பாதியிலேயே அறுந்துவிட்டது. சாயங்காலம் கேரளா லாரி எங்கள் தோட்டத்தில் நிற்காமலே போய்விட்டது. வெட்டின பன்னீர் திராட்சை பெட்டி பெட்டியாக அங்கனயே கிடக்கிறது.

சாப்பிடும்போது, "தப்பு என் மேலதாம்ப்பா" என்றேன்.

"மத்தவுக எல்லாம் சரியாத்தானே போட்டாக? எனக்காகச் சொல்லாத ஆத்தா. எனக்குத்தான் அமுக்கத் தெரியல" என்று சிரித்தார்.

காத்திருக்கும் நேரத்தைப் பத்து நிமிஷமாக மாற்றிவிட்டேன். அதைச் சொல்ல எழுந்தபோது அப்பாவே வந்தார். தன் போனை என் மேசையில் வைத்தார்.

"இனிமே நீயே போட்டு விட்டுரு."