ஃப்ரீசரில்தான் இருந்தது

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் தட்டில் விரலை அழுத்திப் பார்த்தேன். கல்லாக இருந்தது. பிறகுதான் முகம் கழுவினேன். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். "ஐஸு எந்திரிச்சா போயிடப் போவுது?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். காரணத்தைச் சொல்வதென்றால் முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மேசைமேல் உன்னுடைய ஆராய்ச்சி நோட்டு இருக்கிறது. பச்சை அட்டை, ஓரமெல்லாம் உப்புத் தண்ணீர் பட்டு உப்பிய தாள். போன வாரம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "பீரோவ ஒழிச்சப்ப கெடச்சுது சித்தி. எனக்குப் பாதிக்கு மேல புரியல. நீங்க வச்சுக்கங்க."

நாம் இருவரும் பெரம்பலூர்க் கல்லூரியில் ஒரே சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து தோழிகளான புதிதில், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஃப்ளாஸ்கில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோடு கறிக்கடைக்குப் போவோம். முதல் நாளே நீ கூட்டத்துக்கு நடுவில் நின்று, "பாய், பொட்டை ஆட்டோட சினைப்பை வேணும்" என்று கேட்டுவிட்டாய். 'கிடாக்கறி மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த கடை அது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே உன்னிடம் குனிந்தார். "படிச்ச புள்ளதானேம்மா நீ? நம்ம கடையில பொட்டையே வெட்றதில்ல. வேணும்னா பின்வாசப் பக்கம் வா." பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தோம். அதன்பிறகு எப்போதும் பின்வாசல்தான்.

சினைப்பையின் சிறு கொப்புளங்களில் ஊசி குத்தி, முட்டையைச் சுற்றியிருக்கும் செல்களை உறிஞ்சி எடுத்துக் கிண்ணங்களில் வளர்ப்போம். பாதிக் கிண்ணங்களில் எஃப்.எஸ்.ஹெச். விடுவோம், பாதியில் விடமாட்டோம். மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி அனுப்புகிற ஹார்மோன் அது. செல்லுக்குள் அது நுழைவதில்லை. வெளிச்சுவரில் நின்று தட்டும். சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், மூடிக் கிடக்கும் ஜீனைத் திறக்கும். அப்புறம்தான் செல் ஈஸ்ட்ரோஜன் செய்யத் தொடங்கும். "நம்ம காதுல இருக்கற செல்லுலயும் இதே ஜீன் இருக்குடி. ஆனா இந்த ஹார்மோன் அங்க போய் எவ்ளோ தட்டினாலும் கேக்க ஆளு இல்ல" என்பாய். ஹார்மோன் விட்ட செல்களில் ஜீன் திறந்திருந்தால், சோதித்துப் பார்க்கும் ஜெல் பலகையில் கோடு பளிச்சென்று விழும். முதல் மூன்று தடவையும் விழுந்தது. சார்கூட உன்னைப் பாராட்டினார்.

அந்தச் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை நீ சீக்கிரம் கிளம்பினாய். "ஹார்மோன ஃப்ரீசர்ல வச்சுட்டுப் போடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். அந்த ஞாயிறு கறிக்கடை வேலை இல்லை; எனக்கு ஊருக்கு, திருமானூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது அந்தச் சின்னக் குப்பி மேசையிலேயே, பிப்பெட் தாங்கிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பகல் வெயில் அந்த அறைக்குள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஃப்ரீசரில் வைத்து மூடினேன்.

அதற்குப் பிறகு உன் செல்கள் எதையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மங்கல் கோடு. நீ கிண்ணத்தை மாற்றினாய், தண்ணீரை மாற்றினாய், பாயையே மாற்றினாய். ஒருநாள் கை கழுவிக்கொண்டே கேட்டாய்.

"ஏன்டி, ஹார்மோன்லதான் ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"ஃப்ரீசர்லதானே இருந்துச்சு" என்றேன்.

"அதுவும் சரிதான். நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ ஓடிருப்பேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. சாருக்குப் பயந்தேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்தேன். பயந்தது உனக்குத்தான். ஐந்து மாதம் கழித்து, "ஒன் கைக்கு செல்லு ஒத்துக்கலம்மா" என்று சார் சொன்னார். நீ நோட்டை மூடினாய். அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாய். நான் புதுக் குப்பி வரவழைத்து, வேறொரு தலைப்பில் டாக்டர் பட்டம் வாங்கினேன். என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீ பெருமைப்பட்டாய். போன மாசியில், நீ ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் லாரி உன்னை அடித்துப் போட்டது. கேட்க வேண்டிய நீ போய்விட்டாய்.

சென்ற மாதம் என் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதே ஹார்மோன் எனக்கு மிகவும் கூடியிருக்கிறது. கேட்பதற்குச் செல்கள் தீர்ந்துவிட்டதால் சுரப்பி மேலும் மேலும் கத்துகிறது. இந்த வயதில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார் டாக்டர். தெரியும், நானே வகுப்பில் நடத்துகிற பாடம். ஆனாலும் அந்தத் தாளை மடித்து உன் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

உன் மகள் விலங்கியலில் இளங்கலை முடித்திருக்கிறாள். உன்னைப் போலவே ஊசி பிடிக்கிறாள். மேலே படிக்க விண்ணப்பம் போடச் சொன்னேன். "வேணாம் சித்தி. அம்மாவுக்கே இந்த கை ராசி இல்ல. எனக்கு எங்கேருந்து வரும்?" அடுத்த வாரத்தோடு விண்ணப்பம் முடிகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் சாய்ந்த கையெழுத்து: 'ஹார்மோன் ஃப்ரீசரில்தான் இருந்தது, அவளிடம் கேட்டுவிட்டேன். குறை என் கையில்.' அதற்குக் கீழே நான்கு விரற்கடை வெற்றிடம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை அங்கே எழுதி, என் பெயரைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்குப் போய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதன்பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகலாம். வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.