அறுபது நாற்காலிகளும் ஒரு ரப்பர் வளையமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், வாடகை நாற்காலி ஏற்றும் நம் வண்டியும் நேற்று மாலையிலிருந்து நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாமல் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனால்தான் இத்தனையும் வந்தது, அதனால் காகிதம்.

போன வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் போன் நின்றதே, நினைவிருக்கிறதா. நீ எப்போது வருகிறாய் என்று கேட்பதற்குள் நான் கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன் என்று அப்பா சொன்னார். என் கட்டைவிரல் அந்த நேரம் வெங்காயத்தில் இருந்தது, போனைப் பிடித்திருந்தது நீங்கள் என்றேன். உன் வெங்காயத்தை நான் பார்க்கலை என்றார். அவ்வளவுதான், எங்களுக்குள் பேச்சு நின்றது. நீ இருந்த காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அவர் சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அவரிடமும் நீ கொண்டுபோவாய், வழியிலேயே கசடை நிறுத்திவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுத்திருக்கிறாய் என்று இப்போதுதான் புரிகிறது. இப்போது அப்பா காலண்டரைப் பார்த்து சாப்பாடு ஆச்சான்னு தெரியலையே என்பார், நான் மிக்சியைப் பார்த்து ஆச்சு, தட்டு எடுத்துக்கச் சொல்லு என்பேன். இரண்டும் நல்ல சாமான்கள், யார் பக்கமும் சேரவில்லை.

இப்படி இருக்கும்போது வண்டி மேட்டில் ஏறமாட்டேன் என்று இருமத் தொடங்கியது. டீசல் ஃபில்டர் இரண்டும் அடைத்திருக்கிறது, நானே வீட்டில் மாற்றிவிடுகிறேன் என்று அப்பா காலண்டரிடம் அறிவித்தார். நேற்று மாலை நூலக மாடியில் விழா, நூலகக்கார அம்மா ஓய்வு பெறுகிறார், அறுபது நாற்காலி போகவேண்டும். காலையிலேயே நாற்காலி முழுவதையும் ஏற்றிக் கட்டிவிட்டு, அதன்பிறகு வாசலில் வைத்து வண்டியைப் பிரித்தார். முதலில் நாற்காலியை இறக்கிவிட்டு வந்து பிரிக்கலாமே என்று மிக்சியிடம் சொன்னேன். மிக்சி போய்ச் சொல்லவில்லை.

ஃபில்டர் மாட்டுவதில் ஒன்றும் கஷ்டமில்லை, உனக்கே தெரியும். மாட்டிய பிறகு குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கைப்பம்பை அடிக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்க. அந்த இடம் உன் இடம். அப்பா எதிர்க்கடைத் தையல்காரரிடம் என் காதில் விழும்படியாக, யாராவது ஒருத்தர் ஏறி உட்கார்ந்தா தேவலை என்றார். தையல்காரர் என்னிடம் வந்து, அக்கா, அண்ணன் யாராவதுன்னு உங்களைத்தான் சொல்றார் என்றார். ஏறி உட்கார்ந்தேன். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் அடி, இரண்டு தட்டினால் நிறுத்து என்று அப்பா தையல்காரரிடம் சொன்னார். புரிந்தால் ஒரு ஹாரன், புரியாவிட்டால் இரண்டு என்று நான் முகம் பார்க்கும் கண்ணாடியிடம் சொன்னேன்.

ஒரு தட்டு, ஒரு ஹாரன், கர்கர் என்று ஒரு சத்தம், வண்டி கிளம்பவில்லை. மறுபடி தட்டு, மறுபடி ஹாரன். தெருவே வெளியே வந்துவிட்டது. தையல்காரர் எவ்வளவு நேரம்ணே நிக்கிறது என்று கயிற்றை அவிழ்த்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார், அவ்வளவுதான், மளமளவென்று இறங்கி மூன்று வரிசை ஆகிவிட்டது. நம் மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் முதல் வரிசையில் உட்கார்ந்து பேட்டரிதான் என்றார், பின்வரிசை டீசலில் தண்ணீர் என்றது, கை தூக்கச் சொன்னார்கள், தண்ணீர் ஜெயித்தது.

அப்போதுதான் கதவோரம் இருந்த வாளியைப் பார்த்தேன். கழற்றிய இரண்டு ஃபில்டரும் அதில் கிடந்தன. ஒன்றின் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அது எங்கே போகும், வண்டியில் ஃபில்டர் மாட்டும் இடத்தில் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் புதிய வளையத்தையும் வைத்து முறுக்கியிருக்கிறார், ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் இறுகாது, காற்று உள்ளே போகாமல் என்ன செய்யும். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொன்னால் நான்தான் முதலில் பேசியதாகும். ஹாரனை நீளமாக ஒரு அமுக்கு அமுக்கினேன். தையல்காரர், அண்ணே, அக்கா ஏதோ சொல்ல வர்றாங்க என்றார். சொல்ல வாய் இருக்கில்ல என்றார் உன் அப்பா, பானட்டுக்குள்ளிருந்து. அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வளையத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மேலும் பல ஹாரன் அடித்தேன்.

நாற்காலி எங்கே என்று தேடிக்கொண்டு விழாக்காரர்கள் வந்தார்கள். காலியாக இருக்கிறதே என்று அவர்களும் உட்கார்ந்தார்கள், நூலகக்கார அம்மாவும் உட்கார்ந்தார். ஆளுக்கு ஒன்று பேசி ஒரே இரைச்சல், அந்த அம்மா பழக்க தோஷத்தில் உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார். தெருவே அடங்கியது. அந்த அமைதியில் பம்பு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, எட்டிப் பார்த்தேன், அப்பாவுக்கு வலது கை ஓய்ந்துபோய் இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இடது கையால் அவருக்கு எதுவும் வராது. ஏங்க, பழைய ரப்பர் மேலேயே ஒட்டிட்டிருக்கு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அறுபது நாற்காலிக்கும் கேட்டது.

அவர் புது ஃபில்டரைக் கழற்றினார், நகத்தால் நெம்பி அந்த வளையத்தை எடுத்தார். எப்பப் பார்த்தே என்றார். அப்பவே என்றேன். அப்பவே சொல்றதுக்கென்ன என்றார். வாய் இருக்கான்னு கேட்டீங்களே, தேடிக்கிட்டிருந்தேன் என்றேன். கை தட்டினார்கள், அந்த அம்மா மறுபடியும் உஷ் என்றார். வண்டி அடுத்த தட்டுக்கே கிளம்பியது, ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ என்று அப்பா எஞ்சினை அணைக்க மாட்டேன் என்றுவிட்டார், விழா அங்கேயே நடந்தது, வேலை பார்த்த காலம் முழுவதும் பிறரை மெதுவாகப் பேசச் சொன்ன அந்த அம்மா தன் நன்றியுரையைத் தொண்டை கிழியக் கத்தினார்.

பிறகு மிச்சக் காற்றும் போகட்டும் என்று வெறும் வண்டியில் நானும் அவரும் ஒரு சுற்றுப் போனோம். மேட்டில் இருமாமல் ஏறியது. போனைப் பற்றி நிதானமாகப் பேசி, ஒரு மனதாக ஒரு முடிவுக்கு வந்தோம். வெங்காயத்தின் மேலும் தப்பில்லை, அவர் கைமேலும் தப்பில்லை, போனை வைத்தது நீ. என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தே வைத்தாய் என்கிறார் அப்பா. நான் அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. கோபமெல்லாம் கிடையாது கண்ணு, பதில் இல்லாதபோது போனை வைக்கத்தான் தோன்றும். ஆனால் காகிதத்தை வைக்க முடியாது. அடுத்த வரியை யார் கேட்டது என்று பின்னால் தகராறு வரக்கூடாதென்று இருவரும் ஒரே பேனாவைப் பிடித்து எழுதுகிறோம், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எப்போது வருகிறாய்?

நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு. தலையைத் துவட்டு. அடுத்த ஃபில்டர் மாற்றும்போது செல்ஃப் அடிக்க ஆள் வேண்டும், என் வாயை நம்ப முடியாது.

உன் அம்மா,
அந்த ஒரு வரியில் மட்டும் அப்பாவும்.